எங்கன நின்னு வீசப் போறிய?

நான் ஒரு டீச்சரைப் பிடித்துத் தள்ளியவன். எங்கள் பள்ளிக்கூடத்துக் கணக்கு டீச்சர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். தாமிரபரணிக் கரையில், குளிக்க வந்தவர்கள் பார்க்க, தோளில் கை வைத்துத் தள்ளினேன். அவர் கண்ணாடி கழன்று கல்லில் விழுந்தது. அந்த நேரம் ஆற்றின் நடுவே ஒரு பாறையில் என் தம்பி நின்றுகொண்டிருந்தான். தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு அது ஒரு சாக்கு. அந்தச் சாக்கை வைத்துக்கொண்டு ரொம்ப நாள் நிம்மதியாகவும் இருந்தேன்.

டீச்சரைப் பற்றி யாரிடம் கேட்டாலும் முதலில் ஒன்றைத்தான் சொல்வார்கள். எதையும் லேசில் தேர்ந்தெடுக்க மாட்டார். பள்ளிக்கூட அலுவலகத்தில் நான் எழுத்தர். காலையில் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வருவார். தம்ளரில் நாலு பேனா நிற்கும். ஒவ்வொன்றாய் எடுப்பார், ஓரத்தில் சுழித்துப் பார்ப்பார், திருப்பி வைப்பார். பின்னால் மற்ற டீச்சர்மார் வரிசையில் நெளிவார்கள்.

"கையெழுத்துப் போட வந்தியளா, பேனாவுக்கு மாப்பிள்ள பாக்க வந்தியளா டீச்சர்?" என்பேன்.

"இந்தத் தாளு மொழுமொழுன்னு இருக்கு சார். பால் பாயிண்ட் வழுக்கும்," என்பார், கொஞ்சமும் கோபப்படாமல்.

எனக்கோ எப்போதும் காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்ட அவசரம். மூக்கின் மேல் கோபம். இப்படி ஒருவனும் அப்படி ஒருவரும் சனிக்கிழமைதோறும் ஒரே குளக்கரையில் உட்கார்ந்தோம் என்றால் அதற்குக் கெண்டை மீன்தான் காரணம்.

பாளையங்கோட்டைக்கு வெளியே ஒரு குளத்தில்தான் அவரை முதலில் அந்தக் கோலத்தில் பார்த்தேன். பருத்திப் புடவை, கான்வாஸ் செருப்பு, தலையில் தொப்பி. தரையில் ஒரு பத்தமடைப் பாய்த் துண்டு விரித்திருந்தது. அதன்மேல் மூன்று தூண்டில் கம்புகள். அவருடைய அண்ணன் வெளிநாட்டில் இருந்தார். தங்கைக்கு என்ன கொடுப்பது என்று தெரியாமல் கிறிஸ்துமஸுக்குக் கிறிஸ்துமஸ் ஒரு கம்பு அனுப்பினாராம். டீச்சர் தன் பழைய பள்ளிக்கூடப் புடவைகளைக் கிழித்து மூன்றுக்கும் உறை தைத்திருந்தார். ஒன்று காவி, ஒன்று பச்சை, ஒன்று நீலம். கம்பு மண்ணில் படக் கூடாது என்பது அவருக்கு ஒரு சட்டம். உட்கார இடமில்லாமல் அவர் சேற்றில் உட்கார்ந்தாலும் உட்காருவார், கம்புகள் பாயில்தான் கிடக்கும்.

நாங்கள் சேர்ந்து மீன் பிடிக்கப் போவது தெரிந்ததும் என் வீட்டுக்காரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். ஒரு சனிக்கிழமை கூடவே வந்தாள். மூன்று மணி நேரம் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசாமல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டுவிட்டு, "இதுக்கா நான் கவலப்பட்டேன்?" என்று தலையில் அடித்துக்கொண்டு போனாள். அதன்பிறகு அவளே டீச்சருக்கும் சேர்த்துப் புளிச்சாதம் கட்டிக் கொடுத்தாள்.

அந்த மூன்று மணி நேரத்துக்கு முன்னால் ஒரு கால் மணி நேரம் உண்டு. அதுதான் என்னைக் கொல்லும். வண்டியை நிறுத்தியதும் நான் இரையை உருட்டி, வீசி, தக்கையையும் பார்க்க ஆரம்பித்திருப்பேன். டீச்சர் உறையைக்கூடத் தொட்டிருக்க மாட்டார். கரையில் நடப்பார். குனிந்து காலடி மண்ணைப் பார்ப்பார். தலைக்கு மேலே பார்ப்பார். திரும்பி முதுகுக்குப் பின்னால் பார்ப்பார். தண்ணீரைக் கடைசியில்தான் பார்ப்பார்.

மீன் பிடிக்கிறவர்கள் ஒருவரை ஒருவர் என்ன கேட்பார்கள்? கட்லா கிடைக்குதா, ரோகு கிடைக்குதா, என்ன இரை என்று கேட்பார்கள். அவர் கேட்பது ஒரே கேள்வி.

"எங்கன நின்னு வீசப் போறிய?"

இணையத்தில் ஒரு கம்பு வாங்கலாமா என்று நான் அவரிடம் யோசனை கேட்டபோதும் அதையே கேட்டார். "எல்லா இடத்துலயும்தான் டீச்சர்," என்றேன். அவருக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை. பாயிலிருந்த மூன்றையும் காட்டினார். காவி ஒன்பதடி, நன்றாக வளையும். தலைக்கு மேலே மரம், பக்கத்தில் புதர், கரையோர மீன் என்றால் அதுதான். நீலம் பதின்மூன்றடி, விறைப்பு. கோடையில் குளம் உள்வாங்கிக் கரை வெட்டவெளியாகக் கிடக்கும்போது தூரத்துக்கு வீச. பச்சை பன்னிரண்டடி, நடுத்தரம்.

"ஒண்ணுதான் வாங்க முடியும்னா பச்சை மாதிரி ஒண்ணு வாங்குங்க சார். முக்கால்வாசி இடத்துக்கு ஆகும்."

"மீதிக் கால்வாசி?"

"அங்கன வரும்போது தெரியும்," என்றார்.

நான் அவர் சொன்னதை வாங்கவில்லை. பன்னிரண்டடியில் இருப்பதிலேயே விறைப்பான ஒன்றை வாங்கினேன். ஆம்பளை வாங்குகிற கம்பு கெத்தாக இருக்க வேண்டாமா? அடுத்த மாதமே கோரைப்புல் ஓரத்தில் ஒரு கட்லா மாட்டியது. காலுக்குப் பக்கத்தில், நாலு முழத் தூரத்தில், தாம்பாளம் அகலத்துக்குப் புரண்டது. நான் இழுத்தேன். கம்பு கொஞ்சம்கூட விட்டுக் கொடுக்கவில்லை. கட்லாவின் உதடு மெத்தென்றிருக்கும். தூண்டில் முள் உதட்டைக் கிழித்துக்கொண்டு வந்துவிட்டது. பக்கத்தில் டீச்சர் அரை மணி கழித்துக் காவிக் கம்பில் அதே அளவு மீனை, கம்பு வில்லாக வளைய, பையப் பைய அலையவிட்டுக் கரைக்குக் கொண்டுவந்தார்.

"உங்க கம்பு நல்ல கம்புதான் சார். இந்த இடத்துக்கு இல்ல," என்றார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார். எனக்குச் சுருக்கென்றது. அன்று முழுவதும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

இன்னொரு நாள் அதைவிட மோசம். இருபது கிலோமீட்டர் வண்டி ஓட்டிப் போயிருந்தோம். குளத்தில் ஆகாயத்தாமரை மூடிக் கிடந்தது, அங்கங்கே தாம்பாளம் அளவுக்குத்தான் தண்ணீர். டீச்சர் வழக்கம்போல் நடந்தார், மேலே பார்த்தார், கீழே பார்த்தார். பிறகு கம்புகளை ஸ்கூட்டரில் திரும்பக் கட்டினார். "எங்கிட்ட இருக்கது எதுவும் இங்கன ஆகாது சார். நான் வாறேன்." போயே விட்டார். எனக்கு வந்த ஆத்திரத்தில் தனியாக உச்சி வெயில் வரைக்கும் வீசி, இரண்டு முள்ளையும் கம்பின் நுனியையும் அந்தச் செடிக்குத் தாரை வார்த்துவிட்டு வந்தேன். திங்கட்கிழமை அலுவலகத்தில் இதை மாற்றிச் சொன்னேன். டீச்சருக்கு ஒரு கம்பைத் தேர்ந்தெடுக்கவே பொழுது சாய்ந்துவிட்டது, அப்படியே வீட்டுக்குப் போய்விட்டார் என்று. எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதிலிருந்து அது எங்கள் பள்ளிக்கூடத்தின் நிரந்தரக் கதை ஆகிவிட்டது.

பிறகு அந்தக் கார்த்திகை மாதச் சனிக்கிழமை. பத்தமடை தாண்டி ஆற்றங்கரையில் ஓர் இடம். இரண்டு பக்கமும் பெரிய மருத மரங்கள். கிளைகள் ஆற்றுக்குள் சாய்ந்து கூடாரம் போட்ட மாதிரி இருக்கும். அன்று என் தம்பியும் வந்திருந்தான். சரக்கு வண்டி ஓட்டுகிறவன். சவாரி இல்லை, சும்மா வாறேன் என்று தன் வண்டியிலேயே எங்களைக் கூட்டிவந்தான். முழங்கால் தண்ணீர்தான். கற்களில் தாவித் தாவி ஆற்று நடுவில் இருந்த தட்டைப் பாறைக்குப் போய், ஒரு கைத்தூண்டிலைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். எங்களுக்கு மேலே வெயில் அடித்தது. மேற்கே மலை மட்டும் கறுத்துக் கிடந்தது.

படித்துறையில் குளித்துக்கொண்டிருந்த இரண்டு பேரில் ஒருவர்தான் முதலில் கத்தினார். "தண்ணி கலங்குதுவே! ஏறு, ஏறு!"

தெளிந்த தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறியது. சருகும் நுரையும் வந்தன. தம்பி எழுந்து நின்றபோது அவன் தாவிப் போன கற்கள் ஒன்றையும் காணோம். அவனுக்கும் கரைக்கும் நடுவில் நாற்பது கெஜம் இருக்கும். அவன் கிணற்றிலும் குளத்திலும் நீந்துவான். அந்த வேகத்தில் நீந்த ஒருவராலும் ஆகாது.

"எண்ணே!" என்றான். ஒரு தடவைதான் கூப்பிட்டான்.

குளித்தவர்களில் ஒருவர் தீயணைப்புக்குப் போன் போட்டார். கிளம்பி வருகிறோம் என்றார்கள். நான் வண்டிக்கு ஓடி, சரக்குக் கட்டுகிற நைலான் கயிற்றை எடுத்து வந்தேன். சுருட்டி வீசினேன். பாதி தூரம்கூடப் போகவில்லை. நனைந்த கயிறு கனத்தது. மறுபடி வீசினேன். தண்ணீர் அதை ஒரு நொடியில் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போனது. தம்பியின் கணுக்கால் மறைந்திருந்தது.

"தூண்டில்ல ஈயக்குண்டு கட்டி வீசுங்க! தூண்டில் நரம்பு அவங்கிட்டப் போயிட்டா அதுல கயித்தக் கட்டி அவன் இழுத்துக்கிடுவான்!" என்று கத்திக்கொண்டே டீச்சர் பக்கம் ஓடினேன்.

அவர் எனக்கு முதுகைக் காட்டி, ஆற்றைப் பார்த்து நின்றுகொண்டிருந்தார். பாயில் கம்புகள் கிடந்தன. அவர் தலையை அண்ணாந்து மருத மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாடை அசைந்தது. எதையோ மென்றுகொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றியது. மரத்தைப் பார்த்தார், திரும்ப ஆற்றைப் பார்த்தார், மறுபடியும் மரத்தைப் பார்த்தார். தம்பியின் முழங்காலில் தண்ணீர் மோதியது. அவன் இரண்டு கையையும் விரித்து நிலைகொள்ளப் பார்த்தான்.

"இப்பமுமா டீச்சர் மரத்தப் பாத்துக்கிட்டு நிப்பிய? அவன் செத்திருவான்!"

"ஒரு நிமிஷம் சார்..."

அப்போதுதான் தள்ளினேன். அவர் பக்கவாட்டில் விழுந்தார். கண்ணாடி கல்லில் பட்ட சத்தம் கேட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பாயிலிருந்து நீல உறைக் கம்பை உருவினேன். குண்டு அதில் ஏற்கெனவே கட்டியிருந்தது. இருப்பதிலேயே நீளம், இருப்பதிலேயே வலு, தூரம் வீசுவதற்கென்றே உள்ளது. உயிர்போகிற இடத்தில் யோசிக்க என்ன இருக்கிறது? கம்பைப் பின்னால் சாய்த்து, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துத் தலைக்கு மேலே வீசினேன்.

கம்பு மருத மரத்தில் மோதியது. நுனி மடக்கென்று ஒடிந்தது. குண்டு கிளையைச் சுற்றிக்கொண்டு மேலே போய் மாட்டியது. இழுத்தேன். இலைகள்தான் உதிர்ந்தன. முள் கிளையில் ஆழமாகக் குத்திக்கொண்டுவிட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. முள்ளைக் கழற்றாமல் வீசியிருக்கிறேன். அது போய்ச் சேர்ந்திருந்தால் தம்பியின் முகத்திலோ கையிலோ போய்ச் சேர்ந்திருக்கும்.

நான் கம்பைப் போட்டுவிட்டு அழ ஆரம்பித்தேன். வெட்கமில்லாமல், வாய்விட்டு அழுதேன். தம்பிக்குத் தொடை வரைக்கும் வந்துவிட்டது.

"நகருங்க சார்," என்றார் டீச்சர்.

மண்ணில் கிடந்த காவிக் கம்பை எடுத்தார். சேற்றைப் புடவையில் துடைத்தார். கண்ணாடியில் ஒரு பக்கம் சிலந்தி வலையாய் விரிசல். கிளைகளுக்குக் கீழே நன்றாகக் குனிந்து நின்றுகொண்டு, கம்பைத் தலைக்கு மேலே கொண்டுபோகாமல் இடுப்போடு பக்கவாட்டில் வீசினார். குண்டு தண்ணீரை ஒட்டிப் பறந்தது. தம்பிக்கு எட்டு முழம் முன்னால் விழுந்தது. சுற்றி எடுத்தார். எனக்கு அந்த ரீல் சுற்றுகிற நேரத்தில் உயிர் இல்லை.

இரண்டாவது தடவை அவனைக் குறிபார்க்கவில்லை. அவனுக்கு மேற்கே, தண்ணீர் வருகிற பக்கம், பாறையையும் தாண்டி வீசினார். ஆறே நரம்பை வளைத்துக் கொண்டுவந்து அவன் இடுப்பில் சேர்த்தது.

"பிடிச்சிட்டேன்!"

"பைய! பைய இழுங்க தம்பி! அறுந்திரும்!" டீச்சரிடம் அப்படி ஒரு குரல் இருப்பது எனக்கு அதுவரை தெரியாது. கயிற்றின் நுனியை நரம்பில் கட்டிவிட்டு, "சார், கயித்தத் தண்ணியில விடாதிய. மூணு பேரும் தூக்கிப் பிடிங்க," என்றார். குளிக்க வந்த இருவரும் நானும் தூக்கிப் பிடித்தோம். தம்பி பைய இழுத்தான். கயிறு அவன் கைக்குப் போனது. அக்குளுக்குக் கீழே சுற்றிக் கட்டினான். நாங்கள் கீழ்ப்பக்கமாகக் கரையோரம் நகர்ந்துகொண்டே இழுத்தோம். இரண்டு தடவை தலை மறைந்தது. மூன்றாவது தடவை அவன் தலைமுடி என் கைக்கு வந்தது.

தீயணைப்பு வண்டி வந்தபோது அவன் கரையில் குப்புறப் படுத்துத் தண்ணீரைக் கக்கிக்கொண்டிருந்தான். டீச்சர் கம்பைத் துடைத்துப் பாயில் வைத்து உறையைப் போட்டார். ஒடிந்த நீலக் கம்பையும் அதன் உறையில் போட்டார்.

திங்கட்கிழமை பதிவேட்டில் கையெழுத்துப் போட வந்தார், கண்ணாடியில் ஒட்டு நாடா ஒட்டிக்கொண்டு. பேனாக்களைச் சுழித்துப் பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு ஏதோ கோப்பைத் தேடினேன். கை கூப்பி நன்றி சொல்லியிருந்தேன், என் வீட்டுக்காரி அவரைக் கட்டிக்கொண்டு அழுதிருந்தாள். மன்னிப்பு மட்டும் என் வாயில் வரவில்லை. அவர் கொஞ்சம் சீக்கிரம் கம்பை எடுத்திருந்தால் நான் ஏன் தள்ளப் போகிறேன் என்று உள்ளுக்குள் ஒரு நியாயம் ஓடிக்கொண்டே இருந்தது. தாமதம் செய்தது அவர், தவறு செய்தது நான், சரிக்குச் சரி என்று வைத்துக்கொண்டேன்.

மறுவருஷம் ஓய்வு பெற்றார். பிரிவு உபசார விழாவில் என்னையும் பேசச் சொன்னார்கள். மைக்கைப் பிடித்ததும் நாக்குக்குப் பழக்கமானதுதான் வந்தது. ஆகாயத்தாமரைக் குளத்துக் கதையைச் சொன்னேன். டீச்சர் ஒரு கம்பைத் தேர்ந்தெடுப்பதற்குள் மீனெல்லாம் கிழடு தட்டிவிடும் என்றேன். மண்டபமே சிரித்தது. டீச்சரும் சிரித்தார். அடுத்த வாரம் அண்ணன் இருக்கும் ஊருக்குப் போய்விட்டார்.

இந்தப் பேச்சு எப்படியோ தம்பியின் காதுக்குப் போயிருக்கிறது. வீட்டுக்கு வந்தான். காப்பியைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு குடிக்காமல் உட்கார்ந்திருந்தான்.

"எண்ணே, மைக்குல அப்படியா சொன்ன?"

"தமாசுக்குத்தாம்லே."

"உங்கிட்டச் சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். நீ அன்னைக்கு அவியளுக்குப் பின்னால இருந்து ஓடி வந்த. நான் முன்னால இருந்து பாத்துக்கிட்டே இருந்தேன்ணே. எனக்கு வேற என்ன வேல அங்கன? நீ கயித்த எடுக்க வண்டிக்கு ஓடும்போதே அவிய காவிக் கம்பக் கையில எடுத்தாச்சு. குண்டு கட்டியாச்சு. நீ வந்து தள்ளும்போது முள்ளு கட்டுன நரம்பப் பல்லால கடிச்சு அறுத்துக்கிட்டு நின்னாவ. என் மேல குத்திரக் கூடாதுன்னு. இன்னும் அரை நிமிஷம் விட்டிருந்தா வீசியிருப்பாவ. எனக்கு அப்பம் முழங்காலுதான்."

தாடை அசைந்தது எனக்கு ஞாபகம் வந்தது. மண்ணில் கிடந்த காவிக் கம்பும் ஞாபகம் வந்தது. சாகப்போகிற அவசரத்திலும் கம்பை மண்ணில் போடாத மனுஷி அவர். அது எப்படி மண்ணுக்கு வந்தது என்று ஒரு வருஷமாக நான் யோசிக்கவே இல்லை. மரத்தைப் பார்த்தது எந்தக் கம்பு என்று தெரியாமல் இல்லை. அந்தக் கம்பை எவ்வளவு தாழ்த்தி வீசினால் கிளையில் படாது என்று பார்த்திருக்கிறார்.

"ஏம்லே இத்தன நாளு சொல்லல?"

"நீ அழுத அழுகையப் பாத்தேன்லா," என்றான்.

பிறகு எத்தனையோ தடவை அவர் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டு அழுத்தாமல் விட்டிருக்கிறேன். போன சனிக்கிழமை தனியாக அந்த மருத மரத்தடிக்குப் போனேன். ஆறு அடங்கித் தெளிந்து ஓடியது. மேலே பார்த்தேன். வருஷங்கள் ஆகியும் அந்த ஈயக்குண்டு கிளையில் தொங்கிக்கொண்டிருந்தது. அங்கிருந்தே அழுத்தினேன்.

"சார்!" குரல் மாறவில்லை. "எங்கன நிக்கிய?"

"ஆத்துல டீச்சர். மருத மரத்துக்குக் கீழ."

யோசித்து வைத்திருந்ததை ஒரே மூச்சில் சொன்னேன்.

"டீச்சர், அன்னைக்கு நீங்க கம்பை எடுத்தாச்சுன்னு எனக்குத் தெரியாது. தம்பிதான் பொறவு சொன்னான். நான் உங்களத் தள்ளிட்டேன். அதுக்கப்புறமும் உங்களப் பத்திச் சொல்லிச் சிரிச்சேன். என்னை மன்னிச்சிருங்க."

"தம்பி நல்லா இருக்காரா?"

"இருக்கான் டீச்சர். பிள்ள பிறந்திருக்கு."

"சந்தோசம்." பிறகு, "சார், அந்தக் குண்டு இன்னும் அங்கனதான் தொங்குதா?"

"தொங்குது டீச்சர்."

"முள்ளும் இருக்கும். குளிக்க வாறவங்க தலையில விழுந்திரப் போவுது. எடுத்திருங்க. எந்தக் கம்பு கொண்டு போவிய?"

நான் வாயைத் திறந்தேன். பிறகு மூடிக்கொண்டேன். காலடி மண்ணைப் பார்த்தேன். திரும்பி முதுகுக்குப் பின்னால் பார்த்தேன். கிளை எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அண்ணாந்து பார்த்தேன். போன் காதில் இருந்தது. நிமிஷங்கள் போய்க்கொண்டிருந்தன. டீச்சர் என்னை அவசரப்படுத்தவில்லை.